நுண்துளை அறுவையும் அதன்பின் நேரும் அரிய இடர்களும்

தோற்றுவாய்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக்கண், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் ஆகிய நான்கும் கூடிய ஒன்று எனத் திருவள்ளுவர் வகுத்துக் காட்டுகின்றார். இந்நான்கனுள் முதல் மூன்றனையும் உலகம் நன்கு மதிக்கின்றது. நான்காவதாக நிற்போரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. தாயோ, தமக்கையோ, விடுதித் தோழியோ மருத்துவமனையினின்று திரும்பிப் படுத்திருக்கும்போது அருகிருப்பவர் நாமே ஆதலின், அந்நான்காம் இடம் நம்முடையது. அவ்விடத்திற்கு வேண்டிய அறிவு நம்மிடம் உண்டோ என ஆராய்ந்து பார்த்தல் தகும்.

ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள், பெண்களின் சினைப்பையில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளை நுண்துளை வழியாக அகற்றிய பின்னர் அரிதாக நேரும் இடர்களும், அவற்றைக் களையும் முறைகளுமாம். பெண்டிர் நோய் என்று ஆடவர் கேளாது விடுவதும், கூச்சத்தாற் பெண்டிர் கூறாது விடுவதுமாகிய பொருள் இது. மருத்துவக் கல்லூரி மாணவர்க்குரிய நுட்பங்களை விரித்தல் எம் கருத்தன்று. வீட்டிலிருப்போர் எதனைக் கண்டு அஞ்ச வேண்டும், எதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை என்பதையும், அதற்குரிய காரணங்களையும் விளக்குதலே எம் நோக்கம்.

கட்டியின் இயல்பு

சூற்பை என்றும் சூலகம் என்றும் நூல்களில் வழங்கும் சினைப்பை, கருப்பையின் இருமருங்கும் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்துள்ளது. வாதுமைக் கொட்டை அளவினது. திங்கள்தோறும் சினை முதிருங்கால் அதனைச் சூழ நீர் கோத்த சிறு பை ஒன்று உண்டாதல் இயற்கையே. அப்பை உரிய காலத்தில் உடையாது பெருத்து நின்றால் நீர்க்கட்டி எனப்படும். இவ்வகைக் கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்க் காலத்துள் தானே கரைந்துபோகும். ஆதலின் ஸ்கேனில் கட்டி என்ற ஒரு சொல்லைக் கண்டவுடன் அறுவைக்கு விரைதல் வேண்டா. மாதவிடாய் நின்றுபோகாத பெண்டிர்க்கு, 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த எளிய நீர்க்கட்டியாயின் பொதுவாக மருத்துவம் வேண்டுவதில்லை. 5 முதல் 7 சென்டிமீட்டர் வரையுள்ளதனை ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்து வந்தாற் போதும். அதனினும் பெரிதாயின் மேற்சோதனையோ அறுவையோ வேண்டப்படும். இது பிரிட்டன் நாட்டு மகப்பேற்று, மகளிர் மருத்துவ அரச கல்லூரியார் வகுத்த நெறி.

தாமே கரையாத கட்டிகளும் உண்டு. டெர்மாயிட் என்னும் கட்டியினுள் கொழுப்பும் மயிரும், சிலபோது பல்லும் காணப்படும். இளம் பெண்களிடத்து மிகுதியாகத் தோன்றுவது இதுவே. எண்டோமெட்ரியோமா என்பது பழங்குருதி தேங்கிக் கருஞ்சிவப்பாய் நிற்கும் கட்டி. அதன் நிறம் பற்றிச் சாக்லேட் கட்டி எனவும் வழங்குவர். கோழை போன்ற பாகு நிரம்பிப் பெரிதாக வளரும் கட்டியும் ஒன்றுண்டு. இவை பெருத்து வலி தந்தாலும், சினைப்பை தன் காம்பில் முறுக்கிக்கொண்டு குருதியோட்டம் தடைப்பட்டாலும் அறுவை இன்றியமையாததாகும். தம் வாழ்நாளில் சினைப்பைக் கட்டியின் பொருட்டு ஏதேனும் ஓர் அறுவைக்கு உட்படும் பெண்டிர் 100க்கு 10 பேர் வரை இருப்பர் என அக்கல்லூரியார் கணித்துள்ளனர். எனவே இது யாரோ சிலருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

பெரு வெட்டிலிருந்து சிறு துளைக்கு

1809ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்துச் சிற்றூராகிய டான்வில்லில் எப்பிராயீம் மக்டவல் என்னும் மருத்துவர், ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் அம்மையாரின் வயிற்றைத் திறந்து சினைப்பைக் கட்டியை அகற்றினார். மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது. அவ்வம்மையார் ஏறத்தாழ 60 மைல் குதிரைமீதேறி வந்து மேசைமேற் கிடந்து, சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே அவ்வறுவையைப் பொறுத்தார் என்பர். வேலை 25 நிமிடத்தில் முடிந்தது. கட்டியின் உள்ளீடும் உறையும் சேர்ந்து 22 ராத்தலுக்கு மேல் நிறையிருந்தன. ஐந்தாம் நாள் மருத்துவர் சென்று பார்த்தபோது, அவர் தம் படுக்கையைத் தாமே ஒழுங்குசெய்து கொண்டிருக்கக் கண்டு வியந்தார். இருபத்தைந்து நாட்களில் வீடு திரும்பிய அவர் பின்னும் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஐந்தாம் நாட் காட்சியை நாம் நினைவில் வைத்துக்கொள்வோமாக. கூர்ங்கத்தியும் அச்சமுமே நிறைந்த அக்காலத்தும், நலமுறுதலின் அடையாளம் நாளுக்குநாள் தெளிவாகத் தோன்றியது என்பதே அதிற் கிடைக்கும் பாடம்.

அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கட்டியை அகற்றுதற்கு வயிற்றை அகலத் திறத்தலே வழியாக இருந்தது. ஆனால் துளை வழியே உள்நோக்கும் எண்ணம் முன்னரே தோன்றிவிட்டது. 1901இல் ஜெர்மானியராகிய கேயார்க் கெல்லிங், நாயொன்றின் வயிற்றினுள் காற்றைச் செலுத்திக் குழாய்க் கருவியால் உள்ளே நோக்கிக் காட்டினார். 1910இல் ஸ்வீடன் நாட்டு யாக்கோபேயஸ் அம்முறையை மனிதரிடத்துக் கையாண்டு வெளியிட்டார். 1938இல் ஹங்கேரி நாட்டு வெரஸ் என்பவர், காசநோயாளரின் மார்பினுள் காற்றுச் செலுத்துதற்கென ஓர் ஊசியை அமைத்தார். குத்தும்போது கூர்முனையும், உட்புகுந்தவுடன் மழுங்கிய முனையும் முன்னிற்குமாறு வில்லமைப்புடைய அவ்வூசி இன்றும் வயிற்றுள் வாயுச் செலுத்துதற்குப் பயன்பட்டு வருகின்றது. பாரிசில் ரவூல் பால்மரும் பின்னர்க் கீல் நகரில் குர்ட் செம்மும் இம்முறையை மகளிர் மருத்துவத்தில் வளர்த்தனர். 1980இல் செம் குடல்வாலையும் துளை வழியே அகற்றினார். சிறு ஒளிப்படக் கருவியைக் குழாயில் இணைத்து, உள்ளிருப்பதனைத் திரையிற் கண்டு வேலை செய்யும் முறை வந்தபின் இவ்வறுவை உலகெங்கும் பரவிற்று.

செய்முறையும் அதன் இயல்பான விளைவுகளும்

நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தியபின் கொப்பூழருகே சிறு கீறல் ஒன்று இட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல உயர்த்துவர். அதன் வழியே ஒளிக்குழாய் செல்லும். அடிவயிற்றில் மேலும் இரண்டு மூன்று துளைகளிட்டு, 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள ட்ரோக்கார் என்னும் குழல்களைச் செருகி, அவற்றின் வழியே கத்தரியும் இடுக்கியும் மின்சூட்டுக் கருவியும் செலுத்திக் கட்டியைச் சினைப்பையினின்று உரித்தெடுப்பர். எடுத்த கட்டியை ஒரு பையுள் இட்டு வெளிக்கொணர்வர். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவர். வலி குறைவு, தழும்பு சிறிது, குருதி இழப்பும் குறைவு. இந்நலன்களை மறுப்பார் இலர்.

ஆயினும் துளை சிறிது என்பது தோலைப் பற்றிய செய்தியே. உள்ளே செய்யும் வேலை, வயிற்றைத் திறந்து செய்யும் வேலையேயாம். சினைப்பையின் அருகில் குடல் உண்டு. பெருங்குருதிக் குழாய்கள் உண்டு. சிறுநீரகத்தினின்று மூத்திரப்பைக்கு இறங்கும் குழாயும் உண்டு. புறத்தே தழும்பு சிறுத்தமை கண்டு அகத்தே இடரும் சிறுத்தது எனக் கொள்ளுதலே இத்துறையில் நேரும் பெரும் பிழை.

அஞ்ச வேண்டாதனவும் சில உள. செலுத்திய வாயு சிறிது உள்ளே தங்கி உதரவிதானத்தை உறுத்தும். அவ்வுறுத்தல் நரம்பின் வழியே தோளில் வலியாகத் தோன்றும். இஃது ஓரிரு நாளில் தணியும். துளைகளைச் சுற்றிச் சிறு கன்றலும், சிறிது உதிரப்போக்கும், களைப்பும் இயல்பு. இவையனைத்தும் நாள் செல்லச் செல்லக் குறைதல் வேண்டும் என்பதே நாம் நோக்க வேண்டிய நெறி.

இனி, இடர் எத்துணை அரிதெனின்: நோயறிதற் பொருட்டுச் செய்யும் நுண்துளை அறுவையில் கடும் இடருறுவோர் 1000க்கு ஏறத்தாழ 2 பேர் என்றும், உயிரிழப்போர் 100,000க்கு 3 முதல் 8 பேர் என்றும் மேற்கூறிய கல்லூரியார் கூறுவர். கட்டியை அகற்றும் வேலையும், முன் அறுவைகளால் உறுப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நிலையும், உடற்பருமனும் சேரின் இவ்வளவு மிகும். அரிது என்பதனால் அறுவைக்கு அஞ்சி ஓடுதல் வேண்டா. அரிது என்பதனால் அயர்ந்திருத்தலும் ஆகாது.

குடற்காயம்

அரிய இடர்களுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது குடலில் நேரும் காயமாகும். ஊசியோ ட்ரோக்காரோ குத்தும்போதும், ஒட்டுதல்களைப் பிரிக்கும்போதும் இது நேரலாம். அப்பொழுதே கண்டால் அறுவை மருத்துவர் உடனே தைத்துவிடுவர், பெரும் தீங்கில்லை. மின்சூடு பட்ட காயமோ வேறு வகையினது. அன்று வெண்புள்ளியாக மட்டும் நின்ற இடம், சில நாட்களின்பின் இற்றுத் துளையாகி உட்பொருளைக் கசியவிடும். அந்நேரம் நோயாளி வீட்டிலிருப்பாள். இந்நோயின் கொடுமை அனைத்தும் இக்கால இடைவெளியிலேயே அடங்கியுள்ளது.

ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். வயது இருபது. எட்டுச் சென்டிமீட்டர் கட்டி அகற்றப்பட்டு மறுநாள் வீடு வந்தாள். இரண்டாம் நாள் எழுந்து நடந்தாள், கஞ்சி குடித்தாள். நான்காம் நாட் காலையில் வலதுபுறத் துளையருகே வலி மிகுந்தது, வயிறு உப்பியது, உணவு வேண்டாமென்றாள். காய்ச்சல் பெரிதாக இல்லை. வீட்டார் யாது கூறுவர்? வாய்வு என்பர். வயிற்றில் காற்றுச் செலுத்தியதாக மருத்துவமனையிலும் சொல்லியிருப்பராதலின், அச்சொல் மிகப் பொருத்தமாகவே தோன்றும். ஓமத் திரவமும் சுக்குக் கஷாயமும் வரும். பெண்பிள்ளை சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்னும் அறிவுரையும் உடன் வரும். செலுத்திய வாயுவால் ஆகிய வலி முதல் நாளில் மிக்கிருந்து பின்னர்க் குறையுமேயன்றி, இரண்டாம் நாள் குறைந்து நான்காம் நாள் மிகாது. வாய்வு என்ற ஒரு சொல் ஈண்டு நோயை மறைக்கும் திரையாகி நிற்கின்றது.

நுண்துளை அறுவையின்பின் நேரும் குடற்காயத்தில், வயிறு மரப்பலகைபோல் விறைத்தலும் கடுங்காய்ச்சலும் தொடக்கத்தில் இல்லாதிருத்தல் கூடும். ஒரு துளையருகே மிகும் வலி, உப்பிசம், வாந்தி, சிலரிடத்துப் பேதி, விரைந்த நாடி, இன்னதென்று கூறவியலாத சோர்வு என்பனவே முன்னறிகுறிகளாம். ஆதலின் மருத்துவர் ஓர் எளிய விதி வகுத்துள்ளனர்: நுண்துளை அறுவையுற்றவர் நாளுக்குநாள் தேறிவர வேண்டும், அங்ஙனம் தேறாதவரிடத்து, வேறு காரணம் தெளியப்படும் வரை, உட்காயம் உண்டு என்றே கொள்ளுதல் வேண்டும். 2010இல் இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு நிறுவனமும் இவ்வறுவைக்குப் பின் நிலை தாழ்வதைக் கண்டுகொள்ளாமை பற்றி மருத்துவமனைகட்கு எச்சரிக்கை விடுத்தது.

களையும் முறை வருமாறு: வாயால் உண்பதை நிறுத்தி, நரம்பு வழியே நீரும் கிருமிக்கொல்லி மருந்தும் செலுத்துவர். குருதிச் சோதனையும், வயிற்றின் சி.டி. ஸ்கேனும் செய்வர். ஸ்கேன் தெளிவாகக் காட்டாவிடினும் ஐயம் வலிதாயின் காலந்தாழ்த்தாது மீண்டும் உள்நோக்குதலே தக்கது. காயம் சிறிதாயின் தைப்பர். பெரிதாயின் அப்பகுதியை வெட்டி இணைப்பர். சீழ் பரவியிருப்பின் வயிற்றைப் பெருநீரிட்டுக் கழுவிச் சில திங்கள் வரை குடலின் வாயை வயிற்றின் புறத்தே திறந்துவைத்தலும் நேரும். முதல் நாளிற் கண்டதற்கும் மூன்று நாள் கழித்துக் கண்டதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு தையலுக்கும் உயிர்ப் போராட்டத்திற்கும் உள்ள வேறுபாடாகும்.

சிறுநீர்க்குழாயில் நேரும் காயம்

சிறுநீரகத்தினின்று இறங்கும் குழாய், சினைப்பைக்குக் குருதி கொணரும் கட்டினை அடுத்து இடுப்பெலும்பின் விளிம்பைக் கடந்து செல்கின்றது. எண்டோமெட்ரியோமா ஒட்டிக் கிடக்கும் இடத்தில் இக்குழாய் இருக்கும் நெறியினின்று இழுபட்டுக் கிடத்தலும் உண்டு. அது வெட்டுண்டாலோ, சூடு பட்டாலோ, தையலில் அகப்பட்டாலோ அறிகுறி சில நாட்களின் பின்னரே தோன்றும். விலாவின் பின்புறத்தில் வலி, குளிர் காய்ச்சல், வயிற்றில் நீர் கோத்தல், யோனி வழியாகத் தெளிந்த நீர் ஓயாது கசிதல் என்பன அவ்வறிகுறிகள். சிலபோது வலியே இன்றி ஒரு சிறுநீரகம் அடைபட்டு மெல்லக் கெடுதலும் உண்டு.

வயிற்றில் தேங்கிய நீரை எடுத்து அதிலுள்ள கிரியாட்டினின் அளவைக் குருதியின் அளவோடு ஒப்பிட்டால், அது சிறுநீரோ அன்றோ என்பது விளங்கும். சிறுநீராயின் கிரியாட்டினின் பன்மடங்கு மிக்கிருக்கும். மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன் காயத்தின் இடத்தைக் காட்டும். சிறு காயமாயின் மூத்திரப்பை வழியே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழலைச் சில கிழமைகள் உள்ளே நிறுத்துதல் போதும். முற்றும் அறுந்ததாயின் முனைகளை இணைத்தோ, குழாயை மூத்திரப்பையில் புதிதாகப் பொருத்தியோ செம்மை செய்வர். அடைபட்ட சிறுநீரகத்தை உடனே காத்தற்கு முதுகின் வழியே ஒரு குழலிட்டுச் சிறுநீரை வெளியேற்றுவர்.

குருதிப்பெருக்கு

அடிவயிற்றுச் சுவரினுள் மேல்நோக்கிச் செல்லும் தமனி ஒன்று, பக்கத் துளைகள் இடும்போது அறுபடலாம். அறுவையின்போதே காணின், மூத்திரம் இறக்கப் பயன்படும் ஃபோலி குழாயை அத்துளை வழியே நுழைத்து, அதன் முனைப் பந்தை ஊதிப் பெருக்கி, இழுத்து அமுக்கிக் குருதியை நிறுத்தும் எளிய உபாயமும் உண்டு, பின்னர்த் தையலிடுவர். வாயுவின் அழுத்தம் உள்ளளவும் வாய் மூடிக் கிடந்த சிறு குழாய், அழுத்தம் நீங்கியபின் ஒழுகத் தொடங்குதலும் கூடும். ஆதலின் முடிக்குமுன் அழுத்தத்தைக் குறைத்து ஒருமுறை நோக்குதல் நல்ல மருத்துவரின் வழக்கமாகும்.

அறுவைக்குப்பின் முதல் நாளில் முகம் வெளுத்தல், எழுந்தால் தலைசுற்றல், நாடி விரைதல், வயிறு பெருத்தல் என்பன தோன்றின் உட்குருதிப்போக்கினை ஐயுறுதல் வேண்டும். இளம் வயதினரிடத்துக் குருதியழுத்தம் நெடுநேரம் தாழாது நின்று திடீரென வீழும். ஆதலின் அழுத்தம் சரியாக உள்ளது என்பதொன்றையே பற்றி அமைதி கொள்ளலாகாது. நீரும் குருதியும் செலுத்தி, மீண்டும் அறுவை அரங்கிற்குக் கொண்டுசென்று ஒழுகுமிடத்தை அடைத்தலே இதன் மருத்துவம்.

டெர்மாயிட் உள்ளீடு சிந்துதல்

டெர்மாயிட் கட்டியை உரிக்கும்போது அஃது உடைந்து கொழுப்பும் மயிரும் வயிற்றுள் சிந்துதல் அரிதன்று. ஆனால் அதனால் வயிற்றின் உட்சவ்வு அழன்று புண்படுதல் மிக அரிது. அங்ஙனம் நேர்வது நூற்றுக்கு 0.2க்கும் குறைவு என்பர். சிந்தியவுடன் வெதுவெதுப்பான உப்புநீரைப் பன்முறை, லிட்டர் கணக்கில் விட்டு நன்றாகக் கழுவி எடுத்தல் வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கொழுப்பு உறைந்து உறுப்புக்களின் இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். நோயாளியின் உடற்சூடும் தாழும். நெய்க் கலத்தைக் குளிர்ந்த நீரிற் கழுவ முயன்றோர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர்.

கழுவியும் எஞ்சிய கொழுப்பு உறுத்துமாயின், சில நாட்களிலோ கிழமைகளிலோ வயிற்று வலியும் காய்ச்சலும் உப்பிசமும் தோன்றும். குடற்காயம் இல்லை என்பதை முதலில் தெளிந்துகொண்டு, மீண்டும் நுண்துளை வழியே நோக்கி, எஞ்சியதைக் கழுவி எடுத்து, ஒட்டுதல்களைப் பிரித்தல் இதற்குரிய மருத்துவமாகும். கட்டி உடைந்ததா என்பதை அறுவைக்குப்பின் மருத்துவரிடம் வினவி அறிந்திருத்தல், பின்னர் வலி வருங்கால் பெரிதும் பயன்படும்.

ஏனைய இடர்கள்

துளை பெரிதாயின் அதன் வழியே குடல் பிதுங்குதலும் உண்டு. எனவே நடுக்கோட்டில் 10 மில்லிமீட்டருக்கும், பக்கத்தில் 7 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட துளைகளைத் தோலளவில் விடாது ஆழ்ந்த அடுக்கையும் சேர்த்துத் தைத்தல் வேண்டும் என்பர். துளையிடத்தில் புடைப்பும், விட்டுவிட்டு வரும் வலியும், வாந்தியும் காணின் குடல் அகப்பட்டது எனக் கருதி விரைந்து செல்லுதல் கடன்.

வாயு குருதிக் குழாயுள் புகுந்து இதயத்தை அடைதல் மிக அரிது. அறுவை அரங்கிலேயே நேர்வது. மயக்க மருத்துவர் கருவியிற் கண்டவுடன் வாயுவை நிறுத்தி, வயிற்றின் அழுத்தத்தை நீக்கி, முழு ஆக்சிஜன் கொடுத்து, நோயாளியை இடப்பக்கமாகத் தலை தாழக் கிடத்துவர். கால் நரம்பில் குருதி உறைந்து நுரையீரலை அடைதல் மற்றொன்று. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தலும், திடீர் மூச்சுத் திணறலும் அதன் குறிகள். விரைந்து எழுந்து நடத்தலே அதற்குச் சிறந்த காப்பு.

உடனே தோன்றாத இழப்பும் ஒன்றுண்டு. கட்டியின் உறையை உரிக்கும்போது, சிறப்பாக எண்டோமெட்ரியோமாவில், நல்ல சினைகளும் சிறிது உடன் கழிந்துபோதல் கூடும். மின்சூட்டை அளவோடு கையாளுதல், இயன்றவிடத்துத் தையலால் குருதியை நிறுத்துதல் என்பன அதனைக் குறைக்கும் வழிகள். மகப்பேறு விரும்புவோர் இதுபற்றி அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் பேசிக்கொள்ளுதல் நலம்.

அருகிருப்போர் கடன்

இதுகாறும் கூறியவற்றால், மருத்துவர் செய்வன யாவும் நோயாளி அவர்பால் வந்து சேர்ந்தபின்னரே செய்யக்கூடியன என்பது விளங்கும். வந்து சேர்வதற்கு முன்னுள்ள காலம் வீட்டாருடையது. அக்காலத்தில் செய்யத்தக்கன பின்வருமாறு:

ஒன்று: மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன், எவ்வகைக் கட்டி, உடைந்ததா, ஒட்டுதல் இருந்ததா, இரவில் இடர் நேரின் யாரை அழைப்பது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல்.

இரண்டு: நாள்தோறும் காலையும் மாலையும் நோயாளியிடம், நேற்றினும் இன்று எப்படி என்று கேட்டல். வலி உண்டா என்று மட்டும் கேட்டால் உண்டு என்றே விடை வரும். அவ்விடையால் ஒன்றும் விளங்காது. நேற்றினும் கூடியதா குறைந்ததா என்பதே அறிய வேண்டுவது.

மூன்று: மிகும் வலிக்கு வலிபோக்கும் மாத்திரையைத் தாமே கூட்டிக் கொடாதிருத்தல். மாத்திரை வலியை மறைக்கும், காயத்தை மறைக்காது.

நான்கு: வேறொரு மருத்துவரிடம் செல்ல நேரின், இத்தனை நாளைக்கு முன் நுண்துளை அறுவை நடந்தது என்பதை முதற்சொல்லாகக் கூறி, அறுவைக் குறிப்பையும் காட்டுதல். சிறு தழும்பைக் கண்டு அவர் தாமே உணர்வார் என எண்ணலாகாது.

ஐந்து: அகற்றிய கட்டியின் திசுச்சோதனை முடிவைத் தவறாது சென்று வாங்குதல். மாதவிடாய் நில்லாத பெண்டிர்க்கு, அறிகுறி தரும் கட்டிகளுள் ஆயிரத்தில் ஒன்றே புற்றாக அமையுமாயினும், ஐம்பது வயதையடுத்து அது மூன்றாக மிகும். அம்முடிவைக் காணாது விடுதல் செய்த வேலையைக் குறையாக விடுதலாகும்.

முடிவுரை

பொறுமை பெண்டிர்க்கு அணிகலன் என்று கற்பித்து வளர்க்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. ஏனை இடங்களில் அது சிறப்பாயினும், அறுவையின் நான்காம் நாளில் அது பகையாகும். மிகும் வலியைச் சொல்லாது மறைப்பவள் மருத்துவரின் கண்ணைக் கட்டிவிடுகின்றாள். சொல்லியும் கேளாத வீட்டார் அதனினும் பெரிய தீங்கு செய்கின்றனர். கருவிகள் எத்துணை நுண்ணியவாயினும், உள்ளே நேர்ந்த காயத்தை முதலில் அறிவிப்பது நோயாளியின் சொல்லே.

கல்லூரியிற் பயிலும் நாம் நம் இல்லங்களுக்குத் திரும்பும்போது இவ்வொரு விதியையேனும் எடுத்துச் செல்வோமாக: நுண்துளை அறுவையுற்றவர் நாளுக்குநாள் தேறுதல் வேண்டும், தேறாராயின் அன்றே, இரவாயினும், மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும். பத்து முறை சென்று ஒன்றுமில்லை எனக் கேட்டுத் திரும்புதலால் நேர்வது சிறு செலவும் சிறு நாணமுமே. செல்லாது விட்ட ஒரு முறையால் நேரக்கூடியதோ ஈடுசெய்ய இயலாதது.